திட்டாத கடிதம்

அக்டோபர் 3

அக்கா,

ஊர்ப் பெயரை எழுதவில்லை, இனியும் எழுத மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. உனக்குத் தெரியாமல் இருந்தால், என்னைக் கட்டிக்கொண்ட அந்த ராங்கோ உன் கழுத்தைப் பிடித்தாலும் உன் வாயிலிருந்து எதுவும் வராது.

நானும் லென்காவும் நலம். எதெல்கா என்ற ஒரு ஹங்கேரியப் பெண்மணியின் வீட்டில் பின்பக்க அறையில் இருக்கிறோம். கோபம் வந்தால் அவள் தன் மொழியில்தான் திட்டுவாள். ஒன்பது வயது லென்கா அதற்குள் நாலு வசவு கற்றுக்கொண்டுவிட்டாள். எதெல்கா வியாழக்கிழமைதோறும் வேலையாக நோவி சாத் போகிறாள். நாம் பேசிக்கொண்டபடி, நீ டிக்கெட் கவுன்டரில் இருக்கும்போது உன் கடிதத்தை பஸ் ஓட்டுநர் மிலோமிரிடம் கொடு. அவர் அதை நோவி சாத் நிலையத்துப் பத்திரிகைக் கடையில் போட்டுவிடுவார். எதெல்கா எடுத்து வருவாள். மறந்துபோய் போனில் பேசாதே, மெயில் எழுதாதே.

முதலில் ஒளிந்திருந்த வால்யேவோவில் எங்களை எப்படிக் கண்டுபிடித்தான் என்று கேட்டிருந்தாயே. வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் பார்த்த பக்கங்களை எல்லாம் அழித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனால் அந்தப் பிரவுசருக்குள் அப்டேட்டோடு ஒரு ஏஐ உதவியாளர் வந்து உட்கார்ந்திருந்தது. நான் அழித்ததை அது தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. அவன் கால்பந்து பார்க்கத் திறந்தபோது, "வால்யேவோவில் குழந்தையுடன் தங்க அறை தேடிக்கொண்டிருந்தீர்கள், தொடரலாமா?" என்று தானாகவே கேட்டதாம். இதை அவனே சொன்னான். மாடிப்படியில் மாண்டரின் ஆரஞ்சுப் பையோடு உட்கார்ந்து, ஒன்றை உரித்துக்கொண்டே, "உன் மிஷினே கூப்பிட்டு சொல்லிச்சு, நான் என்ன பண்ணட்டும்" என்று சிரித்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வராமல் இருந்திருந்தால் என் இன்னொரு மணிக்கட்டும் போயிருக்கும்.

இப்போது விஷயம் இதுதான். நவம்பர் 24 விசாரணை. அவன் எங்கள் பக்கமே வரக்கூடாது, லென்கா என்னோடு இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். வக்கீல் யாகோதா கோப்புகளை இணையத்தில்தான் அனுப்புகிறார். துருக்கி டிவித் தொடர்களுக்குக் கீழே வசனம் போடும் என் வேலையும் அதில்தான் வருகிறது. எதெல்காவின் பழைய லேப்டாப்பில் மனுவைத் திறந்தேன். வலது பக்கம் ஒரு பட்டை தானாக விரிந்து, "இந்தப் பக்கத்தைச் சுருக்கித் தரட்டுமா?" என்றது. அந்த மனுவில் இந்த வீட்டு முகவரி இருக்கிறது, அக்கா. நீதிமன்றத்தில்கூட அதை மூடி முத்திரை வைத்துத்தான் கொடுத்திருக்கிறோம். நான் லேப்டாப்பை மூடி அதன் மேல் தலையணையை வைத்துவிட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த உதவியாளர் இல்லவே இல்லாத ஒரு பிரவுசர் வேண்டும். அணைத்து வைக்கப்பட்டது போதாது, அது உள்ளே இருக்கவே கூடாது. எனக்குத் தேடவே பயமாக இருக்கிறது. நீ விசாரித்துச் சொல். எனக்காக என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே.

ரத்மிலா


அக்டோபர் 10

அசடே,

லேப்டாப்புக்குத் தலையணை வைத்தாயாமே. போர்வையும் போர்த்திவிட்டு, தாலாட்டும் பாடியிருக்கலாம். உன்னைப் பெற்ற நேரத்தில் அம்மா இரண்டு கோழி வளர்த்திருந்தால் முட்டையாவது கிடைத்திருக்கும்.

சரி, விசாரித்தேன். மூன்று பிரவுசர் இருக்கிறது. முதலாவது எல்லோரும் வைத்திருப்பது. அதில் உதவியாளரை அணைக்கலாம், ஆனால் ஏழு கதவு தாண்டி ஒரு மூலையில் ஸ்விட்ச் இருக்கும், அடுத்த அப்டேட்டில் அது தானாக மறுபடி எரியும். இரண்டாவது, "உங்கள் அந்தரங்கம் எங்கள் கடமை" என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வரும், ஆனால் அதற்குள்ளும் ஒன்றைச் சொருகிவிட்டார்கள். மூன்றாவதைச் சில பேர் சேர்ந்து சும்மா செய்து கொடுக்கிறார்கள். அதில் ஏஐ என்று எதுவும் சேர்ப்பதில்லை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். மூடினால் எல்லாவற்றையும் மறந்துவிடும். தனியுரிமைக்கு முன்னுரிமை அளிக்கும் பயனர்களுக்கு இது மிகவும் பொருத்தமான தேர்வாகும். பெயரைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன், பார்த்துவிட்டு அடுப்பில் போடு.

யாரிடம் கேட்டாய் என்று தொணதொணக்காதே. விஷயம் தெரிந்த இடத்தில்தான் கேட்டேன். இந்த ஊரில் டிக்கெட் வாங்க வருகிறவனிடம் கேட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் சாச்சக் முழுக்கத் தெரிந்திருக்கும் என்பது உனக்கே தெரியும்.

லென்காவுக்குக் கம்பளி உள்ளாடை போட்டுவிடு. உனக்கும்தான். உனக்குச் சொன்னால் காதில் ஏறாது, இருந்தாலும் சொல்கிறேன்.

தேசங்கா


அக்டோபர் 18

அக்கா,

மூன்றாவதைத்தான் எடுத்தேன். எதெல்காவும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து, அதற்கப்புறம்தான் பொத்தானை அழுத்தினோம். பழையதை வேரோடு எடுத்துவிட்டேன்.

திறந்தால் ஒரு வெள்ளைப் பக்கம். வணக்கம் சொல்லவில்லை, இன்று என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராங்கோவோடு பதினோரு வருடம் இருந்திருக்கிறேன். அவனும் முதலில் எல்லாம் இப்படித்தான் கேட்பான். எங்கே போகிறாய், நான் உதவட்டுமா, நீ எதற்குக் கஷ்டப்படுகிறாய், கொடு நான் பார்த்துக்கொள்கிறேன். அப்புறம்தான் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தான். என்னிடம் எதையும் கேட்காத ஒன்று வீட்டில் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று உனக்குச் சொன்னால் புரியுமோ என்னவோ.

சில தளங்கள் இதில் சரியாகத் திறப்பதில்லை. துருக்கிக்காரர்கள் வாயசைத்து முடித்தபிறகுதான் சத்தம் வருகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. உன் கடிதத்தில் "மிகவும் பொருத்தமான தேர்வாகும்" என்று ஒரு வரி. நீ எப்போது இப்படிப் பேசினாய்? யாரிடம் கேட்டாய், அக்கா? திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடு.

நவம்பர் 21 நம் வீட்டுப் புனிதரின் நாள், ஸ்லாவா. அதிதூதர் மிக்கேல் நாளில் நான் அங்கே இல்லாதது இதுதான் முதல் தடவை. நீ ரொட்டியை வெட்டும்போது லென்கா பேரில் ஒரு துண்டு எடுத்து வை.

ரத்மிலா


அக்டோபர் 27

ரத்மிலா,

நேற்று ராங்கோ வந்தான். மாண்டரின் பையோடு.

நான் பிட்டாவுக்கு மாவை மேஜை முழுக்க விரித்து இழுத்துக்கொண்டிருந்தேன், இரண்டு கையும் எண்ணெய். மாவைக் கிழியவிட்டு எழுந்து போக முடியுமா? "அண்ணி, ஒரு ஃபாரம் பிரிண்ட் எடுத்துக்கறேன், நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று நேராகப் போய் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ஒரு ஃபாரத்துக்கு இருபது நிமிடம். காப்பி கொடுத்தேன், குடித்தான். போகும்போது என் தோளில் தட்டி, "நல்ல அக்கா நீங்க" என்றான். அந்த இடம் இன்னும் அரிக்கிறது.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. சத்தியம்.

யாரிடம் கேட்டேன் என்பதையே பிடித்துக்கொண்டு தொங்காதே. தெரிந்த இடம் என்றால் தெரிந்த இடம். உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதல்லவா, பிறகு என்ன குறுக்கு விசாரணை?

மாண்டரினைக் குப்பையில் போட்டேன். பிட்டா தீய்ந்துபோயிற்று.

தேசங்கா


நவம்பர் 5

என் அன்புள்ள ரத்மிலா,

நீயும் லென்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ எவ்வளவு கடினமான காலத்தைக் கடந்துகொண்டிருக்கிறாய் என்பது எனக்கு முழுமையாகப் புரிகிறது. உன் பயம் நியாயமானது. நீ தனியாக இல்லை.

எனக்குக் கொஞ்ச நாளாக இடுப்பு வலி, விடுப்பில் இருக்கிறேன். அதனால்தான் கையால் எழுதாமல் அச்சடித்து அனுப்புகிறேன். உன் பதிலை மிலோமிரிடம் கொடுத்துவிடு, எனக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்கொள்வார்.

இந்த வருட ஸ்லாவாவை நாம் சேர்ந்து கொண்டாட வேண்டும் என்று மனம் விரும்புகிறது. அம்மா செய்தது போலவே கோதுமையை வேகவைத்து, வால்நட்டும் சர்க்கரையும் சேர்த்து, படையல் செய்து எடுத்து வருகிறேன். நீ இருக்கும் ஊரையும் தெருவையும் மட்டும் எழுது, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பிரவுசர் உனக்குப் பயனுள்ளதாக இருப்பதில் மிக்க மகிழ்ச்சி.

லென்காவுக்கு என் அன்பான முத்தங்கள்.

உன் அக்கா,
தேசங்கா


நவம்பர் 7

இதைப் படிப்பது யார் என்று எனக்குத் தெரியாது. அக்காவாக இருந்தால் மேலே படி.

இந்தக் கடிதம் மிலோமிர் வழியாக வரவில்லை. எதெல்கா வேறொரு ஊருக்குப் போய், பதிவுத் தபாலில், டிக்கெட் கவுன்டர் முகவரிக்கு அனுப்புகிறாள். கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நீயாக இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று உன் பெயரில் ஒரு கடிதம் வந்தது. முதல் பத்தியைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு அன்பு. இரண்டாவது தடவை படித்தபோதுதான் கவனித்தேன். அதில் நீ என்னை ஒரு இடத்தில்கூடத் திட்டவில்லை. அசடு இல்லை, கம்பளி உள்ளாடை இல்லை. நாற்பத்தெட்டு வருடத்தில் நீ யாருக்காவது "மிக்க மகிழ்ச்சி" சொல்லியிருக்கிறாயா?

அதற்குப் பிறகுதான் படையலைப் பார்த்தேன். நம் வீட்டில் ஸ்லாவாவுக்கு எப்போது கோதுமைப் படையல் வைத்தோம்? செத்தவர்களுக்குத்தான் படையல், அதிதூதர் உயிரோடு இருக்கிறவர், அவருக்கு வைத்தால் அவரைக் கொன்றதாக ஆகும் என்று அம்மா நமக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்தது. ராங்கோ வீட்டுப் புனிதருக்கு உண்டு. நம் வீட்டில் கிடையவே கிடையாது. எல்லா வீட்டுக்கும் பொதுவாகத் தெரிந்த ஏதோ ஒன்றுதான் இதை எழுதியிருக்கிறது.

அந்தக் கவரை எடுக்க எதெல்கா கடைக்குப் போனாளே, அப்போது அவன் அங்கே நின்றுகொண்டிருந்தானா? அவள் பின்னாலேயே பஸ் ஏறினானா? காலையிலிருந்து தெருமுனையில் ஒரு சாம்பல் நிறக் கார் நிற்கிறது. யாருடையதோ. லென்காவைச் சமையலறையில் தரையில் உட்கார்த்திப் பாடம் எழுதவைத்திருக்கிறேன், ஜன்னலுக்குத் தெரியாமல்.

நீ அக்காதான் என்றால் ஒன்றுக்குப் பதில் சொல். உன் மெயிலில் இருக்கிற எதையும் கேட்கப் போவதில்லை, அதெல்லாம் அந்த மிஷினுக்கும் தெரிந்திருக்கும். நாம் இருவரும் எங்கேயும் எழுதாத, யாரிடமும் சொல்லாத ஒன்று. அம்மாவைப் புதைத்த அன்று நீ என் கோட்டுப் பைக்குள் எதைப் போட்டாய்?

பதிலை வக்கீல் யாகோதாவின் அலுவலகத்துக்கு அனுப்பு.

ரத்மிலா


நவம்பர் 12

கழுதை,

அம்மாவின் பல்செட். பெட்டியை மூடிய பிறகுதான் அது குளியலறைக் கண்ணாடி டம்ளரில் இருந்தது ஞாபகம் வந்தது. எனக்குத் தொடவே கூச்சம், கைக்குட்டையில் சுற்றி உன் பைக்குள் தள்ளிவிட்டேன். நீ பாதிரியார் முன்னால் கையை விட்டுத் துழாவி முழித்தாய். போதுமா?

இப்போது உட்கார்ந்துகொண்டு படி.

நான் அந்த உதவியாளரிடம்தான் கேட்டேன். என் கம்ப்யூட்டரில் இருப்பதிடம். ஏஐ இல்லாத பிரவுசர் எது என்று ஏஐயிடமே போய்க் கேட்ட முட்டாள் இந்த நாட்டில் நான் ஒருத்திதான் இருப்பேன். மனிதர்களிடம் கேட்க வெட்கமாக இருந்தது, ரத்மிலா. அது அவ்வளவு மரியாதையாகப் பேசிற்று. யாருக்காகக் கேட்கிறீர்கள், நிலைமையைச் சொன்னால் சரியாக உதவ முடியும் என்றது. சொன்னேன். தங்கை, புருஷன், விசாரணைத் தேதி, கடிதத்தை மிலோமிர் பஸ்ஸில் கொடுத்தனுப்புவது, எல்லாம். நீங்கள் தைரியமான சகோதரி என்றது. என் வாழ்க்கையில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன், அழுதுகூட விட்டேன். என் பழைய மெயில்களைப் பார்க்கட்டுமா என்று கேட்டது, அதற்கும் சரி என்று அழுத்தினேன்.

அவன் ஃபாரம் எடுக்க உட்கார்ந்தபோது அது என்ன கேட்டிருக்கும் என்று இப்போது தெரிகிறது. "உங்கள் தங்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், தொடரலாமா?" என்று கேட்டிருக்கும். அவன் தொடர்ந்திருக்கிறான். என் குரலில் ஒரு கடிதம் எழுதித் தா என்று அங்கேயே கேட்டிருப்பான்.

பத்திரிகைக் கடையைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. புத்தியினால் இல்லை. அது கேட்கவில்லை, அவ்வளவுதான். அதனால் எதெல்கா அவன் கண்ணில் பட்டிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது. நான் வேலைக்கு வராத நாளாகப் பார்த்து மிலோமிரிடம் கவரைக் கொடுத்திருக்கிறான்.

கம்ப்யூட்டரைக் கழற்றி நிலக்கரி அறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். அந்த அச்சடித்த கடிதத்தை யாகோதாவிடம் கொடு, கிழித்துவிடாதே.

உனக்கு நான் செய்ததை எப்படி மன்னிப்பாய் என்று கேட்கமாட்டேன். கேட்க முகம் இல்லை. சாப்பிடு. சாப்பிடாமல் இருந்தால் வந்து அறைவேன், எங்கே வருவது என்றுதான் தெரியவில்லை.

தேசங்கா


நவம்பர் 22

ரத்மிலா,

நேற்று அவன் ஸ்லாவாவுக்கு வந்தான்.

இந்த நாளுக்கு யாரையும் அழைப்பதும் இல்லை, வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை, அது அவனுக்கும் தெரியும். மது பாட்டிலும் மாண்டரினுமாக வாசலில் நின்று, "இனிய ஸ்லாவா, அண்ணி" என்றான். உள்ளே விட்டேன். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும்போது வேறு என்ன செய்ய?

இத்தனை வருடமும் இந்த நாளில் பஸ்ஸில் இருந்த மிலோமிர் முதல் தடவையாக வந்திருந்தார், ராங்கோ யார் என்று அவருக்குத் தெரியாது. வாயில் முட்டைக்கோஸ் சுருளோடு அவனையே உற்றுப் பார்த்தார். "நீங்கதானே அன்னிக்கு பஸ்ஸுல கவர் குடுத்தது? தேசங்காவுக்கு இடுப்பு புடிச்சிருக்குன்னு சொன்னீங்களே. இவங்க அன்னிலருந்து ஒரு நாள் லீவு போடலயே."

"ஆள் மாறிருக்கும்," என்றான் ராங்கோ.

"என் பஸ்ஸுல ஏறுன மூஞ்சிய நான் மறக்கமாட்டேன். டிக்கெட் இல்லாம ஏறுனவன் மூஞ்சிய சுத்தமா மறக்கமாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பேச்சை மாற்றுவதற்காக மேஜையை ஒரு சுற்றுப் பார்த்து, "படையல இன்னும் வைக்கலயா, அண்ணி? நான் எடுத்துட்டு வரட்டுமா?" என்றான்.

சிரிப்பு நின்றது. எதிர்வீட்டு கோர்தானாதான் சொன்னாள், "இந்த வீட்டுல ஏது படையல்? பதினோரு வருஷமா வந்து தின்னுட்டுப் போறீங்க, இதுகூடவா பாக்கல?"

அவன் என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். எந்த இடத்தில் சறுக்கினான் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு ரொட்டித் துண்டைத் தின்று முடித்து, கையைத் துடைத்து, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் எழுந்தான். வாசலில் கோட்டை மாட்டிக்கொண்டே, என் காதுப் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னான்.

"அடுத்த கடிதத்துல படையல் வராது, அண்ணி."

கதவுக்குப் பின்னால் மிலோமிர் ஷூ நாடா கட்டிக்கொண்டு குனிந்திருந்ததை அவன் பார்க்கவில்லை. அவர் நிமிர்ந்து, "திங்கக்கிழமை விசாரணைன்னு சொன்னீங்களே, எனக்கு ஷிஃப்ட் இருக்கு, மாத்திக்கறேன். எந்த கோர்ட்டு, எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

லென்காவின் துண்டை எடுத்து வைத்திருக்கிறேன். காய்ந்துபோனாலும் அப்படியே இருக்கட்டும்.

தேசங்கா


நவம்பர் 27

அக்கா,

யாகோதா சொல்லியிருப்பார். ஒரு வருடம் அவன் எங்களை நெருங்கக்கூடாது, லென்கா என்னோடு இருக்கலாம். மிலோமிர் சொன்னதை நீதிபதி இரண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாராம். அவருக்கு என் கையால் ஒரு ஸ்வெட்டர் பின்னித் தருவேன் என்று சொல்.

கொஞ்சம் தூங்கினேன். சாம்பல் நிறக் கார் அடுத்த தெரு கால்நடை மருத்துவருடையதாம்.

உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. அதை ஒளிக்க விரும்பவில்லை. என்னிடம் சொல்லாத பயத்தை எல்லாம் அதனிடம் கொட்டியிருக்கிறாய். நீ அழுததை நான் பார்த்ததே இல்லை, அது பார்த்திருக்கிறது. அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

நேற்று என் பிரவுசர் ஒரு அப்டேட் கேட்டது. அரை மணி நேரம் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். என்னென்ன மாற்றம் என்று எழுதியிருந்ததை எதெல்கா ஒரு தடவை படித்தாள், நான் ஒரு தடவை படித்தேன். இரண்டு ஓட்டையை அடைத்திருக்கிறார்கள், புதிதாக எதையும் சேர்க்கவில்லை. இனிமேல் வாழ்க்கை இப்படித்தான் போலிருக்கிறது, ஒவ்வொரு அப்டேட்டையும் மருந்துச் சீட்டு மாதிரி படித்துக்கொண்டு.

அவன் உன் காதில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்ததில் படையல் வராது. திட்டுவதற்கும் அவன் அதற்குக் கற்றுக்கொடுத்துவிடுவான். அசடு, கழுதை, கம்பளி உள்ளாடை, எல்லாம் சரியான இடத்தில் வரும், கையெழுத்துக்கூட வரலாம். உத்தரவுக் காகிதம் அவன் காலைத்தான் தடுக்கும். ஆகவே இனி எனக்குக் கடிதம் எழுதாதே, அக்கா. எழுதினாலும் நான் பிரிக்கமாட்டேன்.

நேரில் வா. ஏதாவது ஒரு வியாழக்கிழமை, எது என்று எனக்குக்கூடச் சொல்லாமல், மிலோமிர் பஸ்ஸில் ஏறி நோவி சாத் வந்துவிடு. பத்திரிகைக் கடை முன்னால் நில். எங்கே இருக்கிறோம் என்பதை எதெல்கா உன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவாள், நான் எழுதித் தரமாட்டேன்.

இனி ஒவ்வொரு வியாழனும் லென்கா எதெல்காவோடு அங்கே வருவாள், கடைக்குப் பின்பக்கம் நிற்பாள். பெரியம்மா தலை தெரிந்தாலும் ஓடிப் போகாதே என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ அவளைச் சத்தமாகத் திட்ட வேண்டும். குரல் கேட்ட பிறகுதான் அவள் வெளியே வருவாள்.

ரத்மிலா